வாக்குத்தத்தமும் கிரயப் பத்திரமும்

அக்டோபர் 15, 2019, செவ்வாய். எருசலேம்

கூடாரப் பண்டிகை வாரம். யாஃபா வாசல் பக்கம் எங்கே திரும்பினாலும் கொடி பிடித்த கிறிஸ்தவர்கள். பிரேசில், நைஜீரியா, நார்வே, நம் மூவர்ணக் கொடியோடு ஒரு சிறு கூட்டம். 1980-இல் முழு எருசலேமையும் தலைநகராக அறிவித்து இஸ்ரேல் சட்டம் இயற்றியது. அப்போது பல நாடுகள் தங்கள் தூதரகங்களை டெல் அவிவுக்கு மாற்றிக்கொண்டன. யூத ஜனத்தோடு நிற்பது சபையின் கடமை என்று நம்பிய சிலர் அதே ஆண்டில் இங்கே ‘சர்வதேச கிறிஸ்தவத் தூதரகம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வருடா வருடம் இந்த வாரத்தில் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்களைத் திரட்டுவது அவர்கள்தான்.

நான் தங்கியிருப்பது தாவீதின் கோபுரத்துக்கு எதிரே உள்ள கிறிஸ்து ஆலயத்தின் விடுதியில். 1849-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. மத்திய கிழக்கின் மிகப் பழைய புராட்டஸ்டன்ட் ஆலயம் இது. உள்ளே போனால் முன்புறம் எபிரெய எழுத்துகள். யூதர் ஒருவர் உள்ளே வந்தால் அந்நியமாக உணரக்கூடாது என்று கட்டியவர்கள் நினைத்தார்கள். 1841-இல் இங்கே நியமிக்கப்பட்ட முதல் ஆங்கிலிக்கன் பேராயர் மைக்கேல் சாலமோன் அலெக்சாந்தர் முன்பு ரபீயாக இருந்தவர்.

இந்தத் தேதிகளை நான் மறுபடி மறுபடி பார்க்கிறேன். யூதருக்குத் தனி நாடு வேண்டும் என்ற சீயோனிய இயக்கத்தின் தலைவர் ஹெர்சல் பிறந்தது 1860-இல். அதற்கு இருபது வருடம் முன்பே இங்கிலாந்தில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு போன்றவர்கள், யூதர்கள் தேசத்துக்குத் திரும்புவார்கள், பிறகு ஆண்டவர் வருவார் என்று நம்பி வேலை செய்துகொண்டிருந்தார்கள். வியன்னாவில் பிரிட்டிஷ் தூதரகப் போதகராக இருந்த வில்லியம் ஹெக்லர் 1896-இல் ஹெர்சலின் வீடு தேடிப் போனபோது, 1897, 98 வாக்கில் திருப்பம் வரும் என்று தீர்க்கதரிசனங்களிலிருந்து ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஜான் நெல்சன் டார்பி ஷாஃப்ட்ஸ்பரியின் தலைமுறைக்காரர். இஸ்ரவேல் ஒரு ஜனம், சபை வேறொரு ஜனம், இஸ்ரவேலுக்குச் சொன்ன தேசம் இஸ்ரவேலுக்கே என்று போதித்தார். 1909-இல் வந்த ஸ்கோஃபீல்ட் வேதாகமக் குறிப்புகள் வழியாக அது உலகம் முழுக்கப் பரவியது.

நம் ஊருக்கும் வந்தது. என் மாமா டார்பியின் வழிவந்த பிரெதரன் சபைக்காரர். யுகங்களை வட்டம் வட்டமாக வரைந்த துணிப்படத்தைச் சுவரில் மாட்டி, பிரம்பால் தொட்டுக் காட்டிப் பாடம் எடுப்பார். அத்திமரம் துளிர்த்தது இஸ்ரேல் நாடு பிறந்த 1948 மே 14 என்பார். நான் வளர்ந்த சி.எஸ்.ஐ. ஆலயத்திலோ, இஸ்ரவேல் என்றால் சபை, கானான் என்றால் பரலோகம். ஒரே குடும்பம், ஒரே வேதாகமம், இரண்டு தேசங்கள். அந்த இரண்டையும் இந்த மண்ணில் வைத்துப் பார்க்கவே வந்திருக்கிறேன்.

காலைச் சாப்பாட்டு மேசையில் அமெரிக்கத் தம்பதி ஒருவர். சமாரியா மலைகளில், அதாவது 1967 போரில் இஸ்ரேல் பிடித்த மேற்குக் கரையின் வடபகுதியில், ஒரு யூதக் குடியேற்றத்தின் தோட்டத்தில் சம்பளம் இல்லாமல் திராட்சை பறித்துவிட்டு வந்திருக்கிறார்கள். எரேமியா 31:5-ஐ மனப்பாடமாகச் சொன்னார்கள்: “மறுபடியும் சமாரியாவின் மலைகளிலே திராட்சத்தோட்டங்களை நாட்டுவாய்.” அந்த அம்மாவின் விரல்களில் கத்தரிக்கோல் பட்ட தழும்புகள். தன் கையால் தீர்க்கதரிசனம் நிறைவேறுவதாக அவர் மனதார நம்புகிறார். அந்த நம்பிக்கையை நான் அற்பமாக எண்ணவில்லை.

அக்டோபர் 16, புதன். நாப்லுஸ்

தமஸ்கு வாசலிலிருந்து ராமல்லா பஸ். அங்கிருந்து ‘செர்வீஸ்’ என்கிற ஷேர் டாக்ஸி.

தேசத்தைக் குறித்த முதல் வாக்கு எருசலேமில் கொடுக்கப்படவில்லை. ஆதியாகமம் 12-இல் ஆபிரகாம் சீகேமுக்கு வந்து மோரேயில் நிற்கிறார். “உன் சந்ததிக்கு இந்தத் தேசத்தைக் கொடுப்பேன்” என்று கர்த்தர் சொன்னது அங்கேதான். சீகேம் இந்த நாப்லுஸ் நகரம்தான். அந்த வசனத்துக்கு முந்தின வசனம், அக்காலத்தில் கானானியர் அத்தேசத்தில் இருந்தார்கள் என்கிறது. வாக்கு கொடுக்கப்பட்ட நிமிடத்திலேயே அங்கே வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். வேதம் அதை மறைக்கவில்லை.

யாக்கோபின் கிணறு கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தின் அடியில் இருக்கிறது. படி இறங்கிப் போனால் கல் வளையம், உருளை, வாளி. ஒரு சொட்டு ஊற்றினால் கீழே போய் விழும் சத்தம் கேட்க நேரமாகிறது. “இந்த மலையா, எருசலேமா?” என்று சமாரியப் பெண் ஆண்டவரைக் கேட்டது இங்கேதான். இரண்டுமில்லை, ஆவியோடும் உண்மையோடும் தொழுகிற காலம் வருகிறது என்றார் அவர். தேச வாக்குகளைக் கிறிஸ்துவுக்குள் கரைத்துப் பார்ப்பவர்கள் பிடித்துக்கொள்ளும் வசனம் இது. வாசலை விட்டு வெளியே வந்தால் எதிரே பலாத்தா அகதி முகாம். 1948 போரில் ஊரை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வாழ்கிறார்கள். மேலே கெரிசீம் மலை. உச்சியில் சமாரியர் கிராமம், அதே மலையில் சற்றுத் தள்ளி ஹார் பிராகா குடியேற்றம். நேற்றைய தம்பதி திராட்சை பறித்தது அங்கே.

கிழக்கே எலோன் மோரே. பெயரே ஆதியாகமம் 12-இலிருந்து எடுத்தது. 1979-இல் ருஜைப் கிராமத்தாரின் சொந்த நிலத்தை, பாதுகாப்புத் தேவை என்று சொல்லி ராணுவம் எடுத்துக் குடியேற்றத்துக்குக் கொடுத்தது. கிராமத்தார் இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். குடியேறியவர்கள் அங்கே உண்மையைச் சொன்னார்கள்: நாங்கள் பாதுகாப்புக்காக வரவில்லை, தேசத்தைச் சுதந்தரிக்கும்படி தேவன் கட்டளையிட்டதால் வந்தோம். அப்படியானால் ராணுவத் தேவைக்காகத் தனியார் நிலத்தை எடுக்கும் நியாயம் நிற்காது என்று நீதிபதிகள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். குடியேற்றம் இன்னொரு மலைக்குப் போனது. ஆனால் அரசு அதிலிருந்து வேறொரு பாடம் கற்றுக்கொண்டது. துருக்கியர் ஆட்சியின் 1858 நிலச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, பட்டா இல்லாத, பயிர் வைக்காத நிலமெல்லாம் அரசு நிலம் என்று அறிவிக்கத் தொடங்கியது. நம் ஊர் மொழியில் சொன்னால், புறம்போக்கு.

அக்டோபர் 17, வியாழன். பெத்லகேம்

இங்கே இஸ்ரேல் எழுப்பிய பிரிவுச் சுவரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் பேச்சைப் பற்றி எழுதுகிறேன்.

பெத்லகேம் வேதாகமக் கல்லூரி 1979-இல் தொடங்கியது. பாலஸ்தீன சுவிசேஷகச் சபைகளின் பிள்ளைகள் படிக்கும் இடம். ‘சோதனைச் சாவடியில் கிறிஸ்து’ என்ற மாநாட்டை 2010 முதல் நடத்துகிறார்கள். தேச வாக்குகளைப் பற்றி எதிரெதிர்க் கருத்துள்ள சுவிசேஷகர்களையும் இயேசுவை மேசியாவாக ஏற்ற யூதர்களையும் அழைத்து, முகத்துக்கு நேரே பேசச் சொல்கிறார்கள். அதில் பங்கெடுத்த ஒருவரோடு தேநீர் குடிக்கக் கிடைத்தது. ஆபிரகாமுக்கு உலகத்தையே சுதந்தரமாகத் தருவேன் என்ற வாக்காகப் பவுல் ரோமர் 4:13-இல் விரித்துவிட்டார், அதை மறுபடி கானானுக்குள் சுருக்குவது ஏன் என்று கேட்டார். எபிரெயர் 11-ஐயும் எடுத்தார். ஆபிரகாம் வாக்குத்தத்த தேசத்திலேயே பரதேசியைப் போலக் கூடாரத்தில் குடியிருந்தான்.

“அப்படியானால், தேசமே கிறிஸ்துவுக்குள் கரைந்துவிட்டதென்றால், உங்கள் கிராமத்து நிலம் மட்டும் ஏன் உங்களுக்கு முக்கியம்?” என்று கேட்டேன்.

“எங்கள் நிலத்துக்கு நாங்கள் வேதவசனத்தைக் காட்டுவதில்லை, சகோதரி. பத்திரத்தைக் காட்டுகிறோம்” என்றார்.

இந்த ஒரு பதிலுக்காகவே இவ்வளவு தூரம் வந்ததாகத் தோன்றியது.

அவர் சொன்ன இன்னொன்றும் மனதை அறுத்தது. 1948-க்குப் பிறகு பல பாலஸ்தீன ஆலயங்களில் பழைய ஏற்பாட்டைச் சத்தமாக வாசிப்பதே கடினமாகிவிட்டதாம். ‘இஸ்ரவேல்’ என்று வாசித்தால் சபையாருக்குத் தங்கள் வீட்டு வாசலில் நின்ற சிப்பாய் நினைவுக்கு வருவான். ஆங்கிலிக்கன் குருவானவர் நயீம் அதீக் இதைப் பகிரங்கமாகப் பேசியவர். பதினொரு வயதுப் பையனாகக் குடும்பத்தோடு பெய்சானை விட்டுத் துரத்தப்பட்டவர் அவர். 2006-இல் எருசலேமின் லத்தீன் முதுபெரும் தந்தை மிஷெல் சபாஹும் சிரியன் ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், லுத்தரன் தலைவர்களும் சேர்ந்து யூதர் தேசத்துக்குத் திரும்புவதைத் தீர்க்கதரிசன நிறைவேற்றமாக ஆதரிக்கும் கிறிஸ்தவச் சீயோனியத்தை மறுத்து அறிக்கை விட்டார்கள். யாஃபா வாசலில் கொடி பிடித்து நடப்பவர்களில் எத்தனை பேர் இந்த ஊர்ச் சபைகளின் குரலைக் கேட்டிருப்பார்கள்?

அக்டோபர் 18, வெள்ளி. நஹாலின்

பெத்லகேமுக்குத் தென்மேற்கே மலைமேல் ஒரு பண்ணை. ‘தேசங்களின் கூடாரம்’ என்று பெயர். நாசர் குடும்பம், லுத்தரன் கிறிஸ்தவர்கள். பாதையை மறித்து ராணுவம் போட்ட பாறைகளுக்கு முன்னால் வண்டி நின்றுவிடும். இறங்கி நடக்க வேண்டும். வாசலில் ஒரு கல். ‘பகைவராக இருக்க மறுக்கிறோம்’ என்று பல மொழிகளில் எழுதியிருக்கிறது. சுற்றிலும் உள்ள மலைகளில் குடியேற்றங்கள். நெவே டானியேலின் சிவப்புக் கூரைகள் கைக்கு எட்டும் தூரத்தில் தெரிகின்றன.

இந்த நிலத்தைத் தாத்தா வாங்கியது 1916-இல். வரிக்குப் பயந்து பலர் நிலத்தைப் பதியாமல் விட்ட காலத்தில் அவர் பதிந்தார். துருக்கியர் காலப் பத்திரம், பிரிட்டிஷ் காலப் பத்திரம், ஜோர்தான் காலப் பத்திரம் எல்லாம் கையில் இருக்கின்றன. இருந்தும் 1991-இல் இது அரசு நிலம் என்று அறிவிப்பு வந்தது. அன்று தொடங்கிய வழக்கு ராணுவ நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறி இறங்கி இன்றும் முடியவில்லை. நில அளவைக்காரரை அழை, வரைபடம் கொடு, சாட்சி கொண்டுவா, மறுபடி முதலிலிருந்து. நிலப் பிரச்சினையில் தாலுகா ஆபீசுக்கு நடந்தவர்களுக்கு இந்தச் சோர்வு புரியும். இங்கே வழக்கை நடத்துவது ஒரு தலைமுறை அல்ல.

மின் இணைப்பு இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. கட்ட அனுமதி கிடைக்காததால் குகைகளையே அறைகளாக மாற்றியிருக்கிறார்கள். சூரியத் தகடுகள், மழைநீர்த் தொட்டிகள். 2014 மே மாதம், அறுவடை நெருங்கும் நேரத்தில், ராணுவப் புல்டோசர்கள் வந்து பழமரங்களை வேரோடு புரட்டிப் போட்டன. ஆப்பிள், சர்க்கரை பாதாமி, திராட்சை. யூதர்களின் அமைப்பு ஒன்று உட்படப் பலர் கன்று கொண்டுவந்து திரும்ப நட்டார்கள் என்று சொன்னார்கள்.

மதியம் ஒலிவம் பறித்தேன். என் பக்கத்தில் ஜெர்மன் இளைஞர்கள் இருவர், நெதர்லாந்திலிருந்து ஒரு பாட்டி. அவர்களும் சம்பளம் இல்லாமல்தான் வேலை செய்கிறார்கள். கெரிசீம் மலையில் திராட்சை பறித்த அந்த அம்மாவும், நஹாலினில் ஒலிவம் பறிக்கும் இந்தப் பாட்டியும் ஒரே ஆண்டவரின் பெயரில் வந்தவர்கள். இருவரும் காலையில் திறந்து வாசிப்பது ஒரே புத்தகம்.

குகை வாசலில் உட்கார்ந்து ஆதியாகமம் 23-ஐ வாசித்தேன். சாராள் இறந்துபோகிறாள். தேசம் முழுவதையும் வாக்காகப் பெற்ற ஆபிரகாமுக்கு அடக்கம் செய்ய ஒரு துண்டு நிலம் இல்லை. ஏத்தின் புத்திரரிடம் போய், நான் உங்களிடத்தில் அந்நியன் என்று சொல்லிக் குனிந்து கேட்கிறார். எப்ரோன் சும்மா தருகிறேன் என்கிறான். ஆபிரகாம் சம்மதிக்கவில்லை. ஊர்வாசலில், எல்லோரும் பார்க்க, நானூறு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுக்கிறார். நிலம், அதிலுள்ள குகை, எல்லைக்குள் நின்ற மரங்கள் என்று வேதம் வரிசையாக எழுதுகிறது. நம் ஊர்க் கிரயப் பத்திரம் அப்படியே. கர்த்தர் எனக்குக் கொடுத்துவிட்டார், நீ எழுந்து போ என்று அவர் எப்ரோனிடம் சொல்லவில்லை.

யோசுவாவின் புத்தகம் வேறு விதமாகப் போகிறது, அது எனக்குத் தெரியும். அந்தப் பக்கங்களை நான் கிழித்துப்போடச் சொல்லவில்லை. ஆனால் அந்த யுத்தங்களைச் செய்யும்படி எந்தக் கிறிஸ்தவனுக்கும் கட்டளை வந்ததில்லை. தேசம் கைக்கு வந்த பிறகும் நியாயப்பிரமாணம், “தேசம் என்னுடையது, நீங்கள் பரதேசிகள்” என்றுதான் இஸ்ரவேலிடம் சொன்னது. பிதாக்களின் சுதந்தரத்தை விற்க மறுத்த நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்குள் ஆகாப் நுழைந்தபோது, அவன் இஸ்ரவேலின் ராஜா என்பதற்காக எலியா வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. எசேக்கியேல் 47-இல் தேசத்தைப் பங்கிடும்போது, உங்கள் நடுவே தங்கிப் பிள்ளைகளைப் பெற்ற அந்நியருக்கும் சுதந்தரம் கொடுங்கள் என்று இருக்கிறது. தேச வாக்கை எழுத்தின்படி எடுக்கிறோம் என்பவர்கள் இந்த வசனங்களையும் எழுத்தின்படி எடுக்கட்டும்.

அக்டோபர் 20, ஞாயிறு. யாத் ஹஷ்மோனா

நேற்று ஓய்வுநாள், பஸ் இல்லை. இன்று எருசலேமுக்கு மேற்கே மலைகளுக்குள் இருக்கும் ஒரு சிறு குடியிருப்புக்கு வந்தேன். வெள்ளிக்கிழமைக் குறிப்பைப் படித்துவிட்டு, “அப்படியானால் யூதருக்கு வாக்கே இல்லை என்கிறீர்களா?” என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இல்லை. இங்கே நிற்கும்போது அப்படிச் சொல்ல வாய் வராது.

1942 நவம்பரில் தன்னிடம் அடைக்கலம் தேடி வந்த எட்டு யூதர்களைப் பின்லாந்து கெஸ்டபோவிடம் ஒப்படைத்தது. உயிரோடு மிஞ்சியவர் ஒருவரே. அந்தப் பாவத்தைத் தங்கள் பாவமாக ஏற்ற பின்னிஷ் கிறிஸ்தவர்கள் சிலர் 1970-களின் தொடக்கத்தில் இங்கே வந்து, தங்கள் நாட்டு மரத்தால் வீடு கட்டிக் குடியேறினார்கள். அந்த எட்டுப் பேரின் நினைவாகத்தான் ஊரின் பெயர். பின்லாந்துப் பிரதமர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2000-இல்தான்.

இஸ்ரவேல் தள்ளப்பட்டது, வாக்கெல்லாம் சபைக்கு மாறிவிட்டது என்ற போதனை படிப்பறைகளில் மட்டும் கிடந்ததில்லை. நாலாம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் கிறிசோஸ்தோம் யூதருக்கு எதிராகச் செய்த பிரசங்கங்கள், 1543-இல் லுத்தர் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதியது, எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. 1904-இல் ஹெர்சல் ரோமுக்குப் போனபோது, நம் ஆண்டவரை யூதர்கள் ஏற்கவில்லை, ஆகவே யூத ஜனத்தை நாம் ஏற்க முடியாது என்றார் பத்தாம் பயஸ். நாற்பது சொச்சம் வருடங்களுக்குள் ஐரோப்பாவில் அறுபது லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். எங்கும் ஒரு புகலிடமில்லாத ஜனத்துக்கு ‘உன் தேசம் பரலோகத்தில்’ என்று நாம் எந்த முகத்தோடு சொல்வது?

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தேவன் அவர்களைத் தள்ளிவிடவில்லை என்று அறிவித்தது. 1980-இல் ஜெர்மனியின் ரைன்லாந்து சினட், இஸ்ரேல் அரசு உருவானதைத் தேவனுடைய உண்மைத்தன்மைக்கு ஓர் அடையாளம் என்றது. வத்திக்கான் அவ்வளவு தூரம் போகவில்லை. யூதருக்கும் தேசத்துக்கும் உள்ள பிணைப்பைக் கிறிஸ்தவர்கள் மதித்துப் புரிந்துகொள்ள வேண்டும், ஆனால் அரசையும் அதன் செயல்களையும் சர்வதேசச் சட்டத்தின் அளவுகோலால் பார்க்க வேண்டும் என்று 1985-இல் எழுதியது. எனக்கு அந்த இரண்டாவது நிலையே சரியாகப் படுகிறது. தேவனுடைய அழைப்பு மாறாதது என்று ரோமர் 11-இல் பவுல் சொன்னதை நான் முழுதாக நம்புகிறேன். அந்த வாக்கைக் கொடுத்தவர் தேவன். அதை அமல்படுத்தும் தாசில்தார் வேலையை அவர் நமக்குத் தரவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய். பிர்இம், வட கலிலேயா

லெபனான் எல்லைக்கு அருகே. பார்அம் தேசியப் பூங்கா என்று பலகை. உள்ளே பழங்காலத்து யூத ஜெப ஆலயம் ஒன்று நிற்கிறது. முகப்புச் சுவர் ஏறக்குறைய முழுதாக, மூன்று வாசல்களோடு. ரோமர் எருசலேம் தேவாலயத்தை இடித்த பின்னும் இந்தக் கலிலேயாவில் யூதர்கள் வாழ்ந்தார்கள், தொழுதார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அவர்கள் இந்த மண்ணுக்கு அந்நியர் என்று பேசுகிறவர்கள் இங்கே வந்து இந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கட்டும்.

அதைச் சுற்றிலும் இடிந்த வீடுகள். 1948 வரை மரோனியக் கத்தோலிக்கர்கள் வாழ்ந்த கிராமம் இது. அந்த நவம்பரில், சில நாட்களுக்கு மட்டும் வெளியே இருங்கள் என்று சொல்லி ராணுவம் அவர்களை அனுப்பியது. எதிர்த்துச் சண்டையிட்டவர்கள் அல்ல, இஸ்ரேல் குடியுரிமை பெற்றவர்கள். ஆனாலும் திரும்ப விடவில்லை. பக்கத்து இக்ரித் கிராமத்து மெல்கைட் (கிரேக்கக் கத்தோலிக்க) கிறிஸ்தவர்கள் திரும்பலாம் என்று 1951 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராணுவம் இக்ரித்தின் வீடுகளைத் தகர்த்தது. 1953 செப்டம்பரில் பிர்இமும் தரைமட்டமானது. மெல்கைட் பேராயராக இருந்த எலியாஸ் ஷக்கூர் இந்த ஊர்ப் பிள்ளை. சிறுவனாக இங்கிருந்து போனவர், இபிலின் ஊரில் பள்ளி கட்டி, எல்லா மதத்துப் பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்கவைத்தார்.

ஆலயம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் ஊரார் வருகிறார்கள். இறந்தவர்கள் திரும்பலாம், உயிரோடிருப்பவர்கள் கூடாது. மூன்று கிலோமீட்டர் போல் தள்ளி ஜிஷ் கிராமத்தில் வாழும் ஒருவர் என்னை அழைத்து வந்தார். அவருடைய தாத்தா வீட்டின் படிக்கட்டில் நின்றுகொண்டு ஜெப ஆலயத்தைக் காட்டி, “சின்ன வயதில் அப்பா இந்தத் தூண்களைச் சுற்றி விளையாடினார். எங்கள் ஊர்ப் பெருமையே இதுதான்” என்றார். யூத ஜனத்தின் நினைவும் இவருடைய வீடும் ஒரே மேட்டில், ஒன்றையொன்று தள்ளாமல் நின்றிருந்தன. தள்ளிவிட்டது ஒரு ராணுவ உத்தரவு. பிறகு வந்த பூங்கா பலகை ஜெப ஆலயத்தை மட்டும் சொல்லிவிட்டு நின்றுகொண்டது.

ஊரிலிருந்து எருசலேம் யாத்திரைக் குழு கூட்டிவரும் அண்ணன்மாருக்கும் போதகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அரசு உதவித்தொகையில் வந்தாலும் சொந்தச் செலவில் வந்தாலும் பெத்லகேமில் ஒலிவ மரச் சிற்பக் கடைக்கு நேரம் ஒதுக்குகிறீர்கள். அதில் அரை நாளைக் குறைத்து நஹாலினுக்குப் போங்கள். முன்கூட்டியே தகவல் சொன்னால் பண்ணையில் சமைத்துப் போடுவார்கள். கடைசித் தூரம் நடை, வயதானவர்களுக்குக் கைத்தடி வேண்டும். கலிலேயாவில் தங்கும் நாளில் பிர்இம்முக்கு ஒரு பஸ் திருப்புங்கள். ஜெப ஆலயத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிடாமல், மேலே இருக்கிற ஆலயத்துக்கும் ஏறுங்கள். போகிற வழியில், பஸ்ஸில் ஆதியாகமம் 12-ஐயும் 23-ஐயும் சேர்த்தே வாசியுங்கள்.